பெரிய மிஸி பேசிய ஜப்பான் பாஷை

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மிஸி வேலை கற்றுக்கொண்டிருந்தேன். நர்ஸை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் சொல்வோம். எனக்கு அப்போது பதினேழு வயது. இன்று அறுபதைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் அந்த ஒரு காலைப் பொழுதை நினைத்தால் முதலில் முகம் சுடும், அப்புறம் சிரிப்பு வரும்.

சுற்றியிருந்த ஏழெட்டுத் தோட்டங்களுக்கும் அது ஒன்றுதான் ஆஸ்பத்திரி. சண்டை வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் போய்விட்டார். பினாங்கிலிருந்து வந்திருந்த மிஸிகளும் அவரவர் வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிரெசர். மருந்து கலக்கிக் கொடுத்து, கட்டுப் போட்டு, ஊசியும் போடுகிற நடுவயது மனிதர். இன்னொருவர் பெரிய மிஸி.

பெரிய மிஸிக்கு முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த குடும்பத்துப் பெண். எப்படியோ பினாங்குக்குப் போய்ப் படித்து மிஸியாகிவிட்டார். ஆளும் உயரம், குரலும் உயரம். வார்டின் இந்தக் கோடியிலிருந்து பேசினால் அந்தக் கோடியில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நாற்பது ஐம்பது நோயாளிகள், பார்க்க இரண்டு பேர். என்ன செய்வது? பெரிய மிஸி தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயன் லயனாகப் போய், "பொம்பளப் பிள்ளைங்கள எங்கிட்ட அனுப்புங்க, நான் மிஸியாக்கித் தரேன்" என்று கேட்டார். அரிசி கிடைக்காத காலம். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் அரிசி உண்டு, ஜப்பான்காரன் வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டான் என்ற நம்பிக்கையும் உண்டு. பதினோரு பெண்கள் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். என் அப்பா பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர்கள் நடமாடும் டவுனில் வயசுப் பெண்ணை வைத்துக்கொள்ளப் பயந்து என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்.

ரப்பர் வாங்க ஆளில்லாததால் ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். பாடம் முடிந்து வெளியே வந்தால் தலைமுடியெல்லாம் புகை நாற்றம் அடிக்கும். லாலாங் புல்லைச் சாக்கில் அடைத்து ஒரு ஆள் செய்து வைத்திருந்தோம். அந்தச் சாக்கு ஆளைப் புரட்டிப் போட்டு உடம்பு துடைத்துப் பழகுவோம், கட்டுப் போட்டுப் பழகுவோம். பப்பாளிக் காய்க்கு ஊசி போடுவோம். பழைய சேலையைக் கிழித்து வேகவைத்து உலர்த்தினால் அதுதான் கட்டுத்துணி. தெர்மாமீட்டர் மொத்தமே ஒன்று. மருந்து இல்லாத காலத்தில் மிஸி வேலை என்றால் முக்கால்வாசி தண்ணீர் கொதிக்கவைக்கிற வேலைதான் என்று பெரிய மிஸி சொல்வார். கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்கவை, புண்ணை மூடிவை. இந்த மூன்றையும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வார் என்று கணக்கே கிடையாது.

முதல் மாதம் ரத்தத்தைப் பார்த்து நாலு பேர் மயங்கி விழுந்தோம். வருஷம் திரும்பியபோது அதே நாலு பேரும் பிரசவத்துக்குக் கூடமாட நின்றோம். காலில் புண்ணோடு தூக்கிவரப்பட்டவர்கள் சிலர் நடந்தே திரும்பிப் போனார்கள். எல்லாரும் போகவில்லைதான். ஆனால் முன்னைவிட அதிகம் பேர் போனார்கள்.

இனி என் வண்டவாளத்தைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் பீடோங்கில் இரண்டு மாதம் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போயிருந்தேன். தமிழ்ப் பள்ளி வாத்தியாரே அதைச் சொல்லிக்கொடுத்தார். அவர் முந்தின நாள் படித்ததை மறுநாள் எங்களுக்குச் சொல்வார். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்தது. ஒரு நாற்பது வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு சிப்பாய் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று "மிசு, மிசு" என்றான். எல்லாரும் நடுங்கிப்போய் நிற்க, நான் ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினேன். மிசு என்றால் தண்ணீர். குடித்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து நான் ஜப்பான் மிஸி ஆகிவிட்டேன்.

அந்தப் பேர் எனக்குப் பிடித்துப்போனது. ஜப்பான் பாஷை தெரியுமா என்று கேட்டவர்களிடம் தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. பட்டாளத்துக்காரர்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஜப்பான் எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். என்ன போட்டிருக்கிறது என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். அர்த்தம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வேறு என்ன போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, "உள்ள வரும்போது கை கழுவணுமாம்" என்று சொல்லிவிட்டேன். பெரிய மிஸிக்கு ஒரே சந்தோஷம். அந்த அறிவிப்புக்குக் கீழேயே தண்ணீர்த் தொட்டி வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கை கழுவினார்கள். சைக்கிளை இங்கே சாய்த்து வைக்காதே என்பதுதான் அதில் எழுதியிருந்தது. எனக்கே அது பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது பெரிய மிஸிக்கு அலோர்ஸ்டாரிலிருந்து உத்தரவு வந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படித்த மிஸி இல்லை, உடனே வரவேண்டும். மறுக்க முடியாது. அந்த வாரமே கிளம்பவேண்டும். கிளம்பும் நாளன்று ஆஸ்பத்திரிகளுக்கு மேலதிகாரியான ஜப்பான் டாக்டர் வருகிறார், பள்ளிக்கூடத்தில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்று பெரிய மிஸி அவர் முன்னால் சொல்லவேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்றும் சொல்லியனுப்பினார்கள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் பெண்கள் மரவள்ளி நடவும் ரோடு போடவும் போகவேண்டியதுதான். நோயாளிகளுக்கு டிரெசர் ஒருவர்தான் மிஞ்சுவார்.

அந்த டாக்டரை எங்களுக்குத் தெரியும். ஒருமுறை சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று டிரெசரைக் கன்னத்தில் அறைந்தவர். அவரிடம் எதைச் சொன்னாலும் ஜப்பான் பாஷையில்தான் சொல்லவேண்டும். எப்போதும் கூடவே வந்து மொழிபெயர்க்கும் டவுன் சீனர் குளிர்காய்ச்சல் வந்து எங்கள் வார்டிலேயே மூன்றாவது கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

டிரெசர்தான் சொன்னார். "நமக்கென்ன கவலை. நம்ம ஜப்பான் மிஸி இருக்குலா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மற்ற பெண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பவேண்டிய நாள் காலை, டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பெரிய மிஸியின் அறைக்குப் போனேன். துணிகளை ரோத்தான் பிரம்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சை நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "வா, வா, கேளு" என்று அதை எனக்கு வாசித்துக்காட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு விளக்கும் ஒரு சாக்கும் வைத்துக்கொண்டு தொடங்கியது, இரவும் பகலும் பட்ட பாடு, மயங்கி விழுந்த பெண்கள், முதல் பிரசவம், எல்லாம் அதில் இருந்தது. வாசிக்கும்போதே அவர் கண் மின்னியது.

"மிஸி, எனக்கு ஜப்பான் பாஷை கொஞ்சந்தான் தெரியும்" என்றேன்.

"கொஞ்சம் போதும்லா. நீ ரொம்ப அடக்கமா பேசற பிள்ள" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

பத்து மணிக்கு டாக்டரின் கார் வந்தது. கொட்டகை நிறைய ஆட்கள். நடக்க முடிந்த நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். லயன்களிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றோம். வெளியே மழை, தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியது. எல்லாரும் ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பி வணங்கினோம். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் தொங்கிய நீளக் கத்தியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார்.

பெரிய மிஸி ஆரம்பித்தார். முதல் வாக்கியமே முழ நீளம். மருந்தும் இல்லாமல் மருத்துவரும் இல்லாமல் மனத்தில் இருந்த தைரியம் ஒன்றை மட்டுமே நம்பி, என்று போனது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் முழு வாக்கியமாக ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன். "இன்று வானிலை மிகவும் நன்றாக இருக்கிறது."

டாக்டர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

பெரிய மிஸிக்கு என்ன தெரியும், அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அதில் ஏதோ எண்ணிக்கை வந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் ஜப்பான் பாஷையில் எண்ணினேன். டாக்டரின் புருவம் சுருங்கியது. பின்னால் நின்ற அவருடைய சிப்பாய் உதட்டைக் கடித்துக்கொண்டான். அடி எனக்கா, பெரிய மிஸிக்கா, இல்லை பள்ளிக்கூடமே போய்விடுமா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பெரிய மிஸி டாக்டரையும் சிப்பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரித்த முகத்தோடு, பேச்சின் தொடர்ச்சி மாதிரியே தமிழில் என்னைக் கேட்டார்.

"உனக்கு நெசமா என்னென்ன வார்த்த தெரியும்? பயப்படாத. சிரிச்சிக்கிட்டே சொல்லு."

"தண்ணி. சோறு. கை. கண்ணு" என்றேன். அழுகை முட்டியது. "நல்லது, கெட்டது. நேத்து, இன்னிக்கி, நாளைக்கி. இருக்கு, இல்ல. வாத்தியார். பிள்ளைங்க. நான், நீ. பத்து வரைக்கும் எண்ணுவேன்."

"போதும். ரொம்ப இருக்கு" என்றார். நாலு பக்கத்தையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு நொடி யோசித்தார். பிறகு டாக்டரை நேராகப் பார்த்து, குரலை உயர்த்தினார்.

"நேத்து வாத்தியார் இல்ல. பிள்ளைங்க இல்ல."

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. டாக்டரின் தலை லேசாக அசைந்தது.

"நேத்து தண்ணி கெட்டது. இன்னிக்கி தண்ணி நல்லது." சொல்லிக்கொண்டே மூலையில் ஆறவைத்திருந்த தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து காட்டினார்.

"நேத்து கை கெட்டது. இன்னிக்கி கை நல்லது." எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் கையை நீட்டினோம். சுத்தமாகக் கழுவிய, நகம் வெட்டிய கைகள்.

அதோடு நிற்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒரு அக்கா, விரல்கள் அழுகி வந்து எங்களிடம் குணமானவர், தானாகவே கையைத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். காலில் புண்ணோடு வந்து தேறியிருந்த ஒரு கங்காணி, கையை விட்டுவிட்டுக் காலை நீட்டித் தூக்கினார். எனக்குக் காலுக்கு வார்த்தை தெரியாது. என்ன செய்ய, அதையும் காட்டி, "கை நல்லது" என்றேன். சிப்பாயால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரின் மீசையும் ஆடியது.

பெரிய மிஸி விடவில்லை. தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார்.

"நேத்து வாத்தியார் ஒண்ணு." எங்கள் வரிசை முழுவதையும் கையால் காட்டினார். "இன்னிக்கி வாத்தியார் பன்னெண்டு."

நாங்கள் பிள்ளைகள் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாத்தியார் என்றார். எப்படியோ பத்து, ரெண்டு என்று எண்ணி ஒப்பேற்றினேன்.

"நாளைக்கி நான் இல்ல" என்றார் பெரிய மிஸி. அந்த ஓரிடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சரியாக்கிக்கொண்டார். "நாளைக்கி வாத்தியார் இருக்கு."

அதையும் சொல்லி முடித்தேன்.

டாக்டர் எழுந்தார். வரிசையின் முன்னால் வந்து ஒவ்வொருவர் கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என் முன்னால் நின்றார். ஏதோ நீளமாகச் சொல்லப்போகிறார் என்று உயிர் போய்விட்டது. அவரும் என் கண்ணைப் பார்த்திருப்பார் போல. குழந்தையிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"நாளைக்கு. வாத்தியார். இருக்கு."

எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். "இருக்கட்டுமாம். நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்காம்" என்று தமிழில் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டிவிட்டார்கள். டிரெசர் பயந்துபோய் எல்லாரையும் அமர்த்தினார். டாக்டர் வாசலுக்குப் போனார், கையை வெளியே நீட்டி மழையில் நனைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "வானிலை நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கொட்டகையில் நடந்தது திருவிழாதான். மரவள்ளிப் புட்டும் தேங்காய்ப்பூவும் எல்லாருக்கும் வந்தது. காலைத் தூக்கிக் காட்டிய கங்காணியைச் சுற்றி நின்று பெண்கள், "அண்ணே, உங்க கை எப்படி இருக்கு" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நான் மட்டும் சாப்பிடவில்லை.

மழை விட்டதும் பெரிய மிஸியை சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக மாட்டுவண்டி வந்தது. தோட்டத்து எல்லை வரைக்கும் எல்லாரும் வண்டியோடு நடந்தோம். நான் அவர் உட்கார்ந்திருந்த பக்கமாகவே நடந்தேன். மற்றவர்கள் கொஞ்சம் பின்தங்கியதும் கேட்டுவிட்டேன்.

"மிஸி, உங்க பேச்சை நான் கெடுத்துட்டேன்."

"ஆமா, கெடுத்துட்ட" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நாலு பக்கம் எழுதினேன். இப்ப நினைச்சுப் பார்த்தா அதுல பாதிக்கு மேல என்னைப் பத்தித்தான் இருக்கு. நான் பட்ட பாடு, நான் செஞ்சது. உன்னோட வார்த்தையில என்னைப் பீத்திக்க ஒரு வார்த்தையும் இல்ல. நல்லதாப் போச்சு, போ."

நான் அழுதேன். அவர் வண்டியிலிருந்து குனிந்து என் கன்னத்தைத் துடைத்தார்.

"ஆனா ஒண்ணு கேளு. இன்னிக்கி நாம தப்பிச்சது பேச்சுல. வார்டுல தெரியாததைத் தெரியும்னு சொன்னா ஒரு உசுரு போயிரும். மருந்து பேரு புரியலையா, புரியலன்னு சொல்லு. அதுக்கு வெக்கப்படாத. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். மற்ற பெண்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, வண்டி வளைவில் திரும்பும் வரைக்கும் அவர் பெரிய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கை கழுவுங்க, தண்ணியக் கொதிக்க வைங்க என்றுதான்.

அன்று சாயந்திரமே பதினோரு பேரையும் கூப்பிட்டு, எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது என்று சொல்லிவிட்டேன். "எங்களுக்கு இன்னிக்கிக் காலையிலேயே தெரியும்லா" என்றார்கள். காய்ச்சல் விட்டு எழுந்த சீனர்தான் பிறகு சுவரில் இருந்த சைக்கிள் அறிவிப்பை வாசித்துவிட்டு, தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். தொட்டியை யாரும் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் ஜப்பான்காரன் போகும்வரை நின்றுபோகவே இல்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள் வந்தார்கள். சாக்கு ஆளுக்கு இரண்டு தரம் புதுப் புல் அடைத்தோம். சண்டை முடிந்து வெள்ளைக்கார டாக்டர் வந்து எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, முறையாகப் படிக்கச் சொல்லி எங்களில் சிலரைப் பினாங்குக்கு அனுப்பினார். நானும் போனேன். கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் வார்டு வார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒரு தடவை அலோர்ஸ்டார் போனபோது பெரிய மிஸியைப் பார்த்தேன். அங்கேயும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் பெண்கள். "இவங்கதான் என்னோட பேச்சை மொழிபெயர்த்தவங்க" என்று அவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரித்தார்.

எனக்குக் கீழேயும் பிறகு எத்தனையோ பெண்கள் வேலை கற்றுக்கொண்டார்கள். அவர்களில் யாராவது தெரியாமல் விழித்து நிற்கும்போது, எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர்கள் மேல் கொட்டத்தான் எப்போதும் வாய் துடிக்கும். எழுதி வைத்த நாலு பக்கத்தை மடித்து இடுப்பில் செருக பெரிய மிஸிக்கு ஒரு நொடிதான் ஆனது. உனக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்கிற அந்த மனசு எனக்கு வர எத்தனையோ வருஷம் பிடித்தது, இன்னும் முழுசாக வந்துவிட்டதா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.